கீழ்ப்பாக்கமா, தனியார் கிளினிக்கா? மூன்றாம் ஆண்டிலும் தொடரக்கூடியது எது?

மனநோய்க்குச் சென்னையில் எங்கே காட்டுவது என்று கேட்டால் பெரும்பாலும் ஒரு டாக்டரின் பெயர்தான் பதிலாக வரும். கூடவே “அவர் கைராசிக்காரர்” என்ற சான்றிதழும் கிடைக்கும். நல்ல டாக்டர் வேண்டும்தான். ஆனால் இருமுனைக் கோளாறோடு (மனம் சில காலம் அளவுமீறிய உற்சாகத்திலும் சில காலம் ஆழ்ந்த சோர்விலும் மாறிமாறி இருக்கும் நோய்) பல ஆண்டுகளாக இந்த ஊரில் வாழ்ந்துவருகிறவள் என்ற முறையில் நான் வேறொரு கேள்வியை முதலில் வைப்பேன். மூன்றாம் ஆண்டில், மனம் தெளிவாக இருக்கும் ஒரு மாதத்தில், வீட்டில் யாரும் வற்புறுத்தாத நிலையில், நீங்கள் தேர்ந்தெடுத்த அந்த இடத்துக்குத் திரும்பவும் போவீர்களா?

முதல் வாரத்தில் எல்லா வழியும் நல்ல வழியாகவே தெரியும். குடும்பமே திரண்டு வரும், கடன் வாங்கியாவது செலவு செய்யும். பிறகு தூக்கம் திரும்பும், முகம் தெளியும், “இனி எதற்கு மாத்திரை?” என்ற பேச்சு தொடங்கும். நோய் மீண்டும் தலைதூக்குவது பல நேரங்களில் அதற்குப் பின்னால்தான். ஆகவே கீழே வரும் ஒவ்வொன்றையும் ‘எது உயர்ந்தது’ என்று பார்க்காமல் ‘எதை விடாமல் தொடர முடியும்’ என்ற கண்ணோட்டத்திலேயே பார்க்கிறேன்.

அரசு மருத்துவமனையும் தனியார் கிளினிக்கும்

கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகத்தின் வரலாறு 1794-இல் தொடங்குகிறது. இப்போதுள்ள வளாகத்துக்கு அது வந்தது 1871-இல். பள்ளிக்கூடத்திலிருந்தே அந்த ஊர்ப் பெயரைக் கேலியாகக் கேட்டுத்தான் நாமெல்லாம் வளர்ந்தோம். அந்தக் கேலி எத்தனை பேரை வாசலிலிருந்தே திருப்பி அனுப்பியிருக்கும் என்று நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது. உள்ளே போய்ப் பார்த்தால் மரங்களும், ஓ.பி. சீட்டோடு காத்திருக்கும் சாதாரண மனிதர்களும்தான். பெயருக்கு அஞ்சுகிறவர்கள் சென்ட்ரல் எதிரே உள்ள ராஜீவ் காந்தி மருத்துவமனைக்கோ, ஸ்டான்லிக்கோ, கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ போகலாம். அங்கே மனநலம் பல துறைகளில் ஒன்று. சர்க்கரைக்கும் கண்ணுக்கும் வந்தவர்களோடு சேர்ந்து நாமும் நிற்கலாம், யார் எதற்கு வந்தார் என்று யாரும் கேட்பதில்லை.

அரசு மருத்துவமனையின் பெரிய பலம் மருந்து. மாத்திரைகள் இலவசம், சேர்த்துக்கொள்ள வார்டு உண்டு, ஊனமுற்றோர் சான்றிதழ் வேண்டுமென்றாலும் கடைசியில் அங்கேதான் வரவேண்டும். அதன் பெரிய குறை, நாற்காலியில் இருப்பவர் மாறிக்கொண்டே இருப்பது. பயிற்சியில் இருக்கும் இளம் மருத்துவர்கள் சுற்றுமுறையில் வருவார்கள், போவார்கள். ஒவ்வொருவரிடமும் கதையை முதலிலிருந்து சொல்லவேண்டியிருக்கும். சொல்லிச் சொல்லி அலுத்தே வருவதை நிறுத்தியவர்களை அறிவேன். இதற்கு எனக்குப் பயன்பட்டது ஒரு நோட்டுப் புத்தகம். முதல் பக்கத்திலேயே நோயின் பெயர், எப்போதெல்லாம் தீவிரமானது, எந்த மருந்து ஒத்துக்கொள்ளவில்லை, இப்போது எந்த மாத்திரை எவ்வளவு என்று எழுதிவைத்துவிட்டால், புதிதாக வரும் டாக்டரும் இரண்டு நிமிடத்தில் விஷயத்துக்கு வந்துவிடுவார். இன்னொரு சிரமம் நேரம். ஓ.பி. காலையில் நடப்பது. தினக்கூலிக்காரருக்கு அது ஒரு நாள் சம்பளம். அலுவலகம் போகிறவருக்கு அரைநாள் விடுப்பு, அதோடு ஒரு பொய்க் காரணம்.

தனியார் கிளினிக்கில் இவை எல்லாம் தலைகீழ். மாலையில் போகலாம். அதே டாக்டர் இருப்பார். நான் நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு வாக்கியம் பேசுவதற்குள், “போன தடவையைவிட வேகமாகப் பேசுகிறீர்களே, நேற்று எத்தனை மணிக்குத் தூங்கினீர்கள்?” என்று கேட்கக்கூடிய ஒருவர் கிடைப்பது பெரும் பேறு. இந்த நோயில் ரத்தப் பரிசோதனையைவிட அந்தக் கவனிப்பு முந்திக்கொண்டு எச்சரிக்கும். ஆனால் பணம்? ஒரு சந்திப்புக்கு 1000 ரூபாய் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அதோடு மாத்திரையும் பரிசோதனையும் சேர்த்து, ஆண்டுக்கணக்கில் கூட்டிப் பாருங்கள். வீட்டில் ஒருவருக்கு வேலை போனால் முதலில் நின்றுபோவது பிள்ளையின் பள்ளிக் கட்டணமாக இருக்காது. அம்மாவின் மாத்திரையாகத்தான் இருக்கும். பெண்கள் இதைத் தாங்களாகவே சத்தமில்லாமல் நிறுத்திவிடுகிறார்கள்.

என் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன். வருமானம் நிலையில்லாத வீடென்றால் தயங்காமல் அரசு மருத்துவமனையில் தொடங்குங்கள். ஓரளவு வசதி இருந்தால், நோய் இன்னதென்று உறுதியாவதற்கும் முதல் ஆண்டின் கொந்தளிப்புக்கும் தனியார் டாக்டரை வைத்துக்கொண்டு, நிலைமை சீரானபின் மருந்துக்கு அரசு மருத்துவமனையில் சீட்டுப் போட்டுக்கொள்ளலாம். இரண்டு இடத்திலும் இன்னொரு இடத்தைப் பற்றி மறைக்கக் கூடாது, அவ்வளவுதான். மாத்திரையை வெளியே வாங்கித்தான் ஆகவேண்டும் என்றால் மக்கள் மருந்தகத்தில் விசாரியுங்கள், விலை கணிசமாகக் குறையும்.

மாத்திரையும் பேச்சும்

மனநல மருத்துவரை ‘நரம்பு டாக்டர்’ என்றும், அவர் தரும் எல்லாவற்றையும் ‘தூக்க மாத்திரை’ என்றும் சொல்லும் வீடுகள் நம்மிடையே ஏராளம். அதனால்தான் “மாத்திரை வேண்டாம், கவுன்சலிங் போதும்” என்ற ஆசை இவ்வளவு வலுவாக இருக்கிறது. மிதமான மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் முறையான பேச்சு சிகிச்சை மட்டுமே போதுமானதாக இருக்கலாம். இருமுனைக் கோளாறிலும் மனச்சிதைவிலும் (ஸ்கிசோஃப்ரீனியா) அப்படியல்ல. அங்கே மருந்துதான் தரை. பேச்சு அதன்மேல் நிற்பது. மனச்சோர்வுக்கான மாத்திரைகளில் ஒரு சங்கடம் உண்டு. குமட்டலும் படபடப்பும் முதல் வாரத்திலேயே வந்துவிடும். பலன் தெரிய இரண்டு முதல் ஆறு வாரம் ஆகும். இதை டாக்டர் முன்கூட்டியே சொல்லாவிட்டால், பத்தாம் நாளில் மாத்திரை அட்டை குப்பைக்குப் போய்விடும்.

பேச்சு சிகிச்சைக்குப் போகிறவர்கள் பெயர்ப்பலகையைப் பார்த்து முடிவுசெய்ய வேண்டாம். இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவுபெற்ற மருத்துவ உளவியலாளரா என்று கேளுங்கள். கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. தமிழிலேயே பேசலாமா என்றும் கேளுங்கள். துக்கத்தை ஆங்கிலத்தில் எடுத்துச் சொல்லிக்கொண்டிருந்தால் பாதி நேரம் அதிலேயே போய்விடும். மருத்துவரைக் கலக்காமல் மாத்திரையை நிறுத்தச் சொல்லும் ஆலோசகரிடமிருந்து அன்றைக்கே எழுந்து வந்துவிடுங்கள்.

லித்தியமும் கத்திரி வெயிலும்

இருமுனைக் கோளாறுக்கு லித்தியம், வால்புரோயேட், ஓலன்சபின் என்று பல மருந்துகள் இருக்கின்றன. எது யாருக்கு என்பதை டாக்டர் சொல்வார். ஆனால் சென்னையில் வாழ்பவர் தம் டாக்டரிடம் கட்டாயம் பேசவேண்டிய ஒன்று உண்டு: இந்த ஊரின் வெயில்.

லித்தியம் மிகப் பழைய, நம்பகமான மருந்து. தற்கொலை எண்ணங்களைக் குறைப்பதில் அதற்குத் தனிப் பெயர் உண்டு. ஆனால் பயன்தரும் அளவுக்கும் நச்சாகும் அளவுக்கும் இடைவெளி குறுகியது. ரத்தத்தில் லிட்டருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை இருப்பது வழக்கமான இலக்கு. அதைப் பார்க்க, கடைசி மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழித்து ரத்தம் கொடுக்க வேண்டும்; தைராய்டு, சிறுநீரகப் பரிசோதனைகளும் அவ்வப்போது வேண்டும். மே மாதத்தில் வியர்த்துக் கொட்டி உடம்பில் நீரும் உப்பும் குறைந்தால், சிறுநீரகம் லித்தியத்தை வெளியேற்றாமல் பிடித்துவைத்துக்கொள்ளும். அளவு மாறாத அதே மாத்திரையே அப்போது அதிகமாகிவிடும். வயிற்றுப்போக்கு வந்தாலும் இதே கதைதான். முழங்கால் வலிக்கு மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் இபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளும் லித்தியத்தின் அளவை ஏற்றிவிடும். கை பெரிதாக நடுங்குவது, நடை தள்ளாடுவது, நாக்கு குழறுவது, வாந்தி எடுப்பது ஆகியவை தெரிந்தால் மறுநாள் ஓ.பி.க்குக் காத்திருக்கக் கூடாது. அப்போதே அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குப் போகவேண்டும். ரத்தக்கொதிப்புக்காக உப்பைத் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து.

வெயிலில் அலையும் வேலை செய்கிறவர், உணவு டெலிவரியோ கட்டட வேலையோ பார்க்கிறவர், இதையெல்லாம் டாக்டரிடம் வெளிப்படையாகச் சொல்லித்தான் மருந்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மற்ற மருந்துகள் சுகமானவை என்றில்லை. ஓலன்சபின் எடையையும் சர்க்கரையையும் ஏற்றக்கூடியது; ஏற்கெனவே சர்க்கரை வியாதி ஓடும் குடும்பங்களில் இது சின்ன விஷயமல்ல. வால்புரோயேட் கருவிலுள்ள குழந்தைக்குக் கேடு விளைவிக்கக்கூடியது என்பதால், பிள்ளைப்பேறு வயதிலுள்ள பெண்களுக்கு அதை எழுதுமுன் டாக்டர் கட்டாயம் பேசவேண்டும். பேசவில்லையென்றால் நாம்தான் கேட்கவேண்டும்.

கோயிலும் மருத்துவமனையும்

வேப்பிலை அடிப்பதும் தாயத்துக் கட்டுவதும் தர்காவில் தங்கவைப்பதும் சென்னைக் குடும்பங்களிலும் நடப்பவைதான். நம்பிக்கையை நான் பழிக்கமாட்டேன். வெள்ளிக்கிழமை கோயில் பிராகாரத்தில் உட்கார்ந்திருக்கும் அரைமணி நேரம் எனக்கும் ஆறுதல்தான். சாமி கும்பிடுகிறவர் மாத்திரையும் போட்டுக்கொள்ளலாம், இதில் போட்டியே இல்லை. மருத்துவத்தை நிறுத்திவிட்டு வா என்று சொல்லும் இடமும், கட்டிப்போடும் இடமும்தான் எதிரி. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் தனியார் காப்பகம் ஒன்று தீப்பற்றியபோது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்கள் ஓட முடியாமல் இறந்தார்கள், 28 உயிர்கள். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியிடுவதை வெளிப்படையாகத் தடைசெய்திருக்கிறது.

தொண்டு நிறுவனங்கள், தொலைபேசி, வேலை

மனச்சிதைவு உள்ளவர் வீட்டில் இருந்தால், மருந்தோடு முடிந்துபோகாத தேவைகள் வரும்: வேலைப் பயிற்சி, குடும்பத்துக்கு வழிகாட்டல், பகல் பொழுதைக் கழிக்க ஓர் இடம். இதற்கு அண்ணா நகரில் உள்ள ஸ்கார்ஃப் நிறுவனத்தை நான் முன்னே வைப்பேன். கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையின் பொறுப்பில் நெடுங்காலம் இருந்த டாக்டர் சாரதா மேனன் 1984-இல் தொடங்கியது அது. 1993-இல் தொடங்கப்பட்ட பேன்யன், வீடற்றுத் தெருவில் அலைந்த மனநோயுள்ள பெண்களுக்காக எழுந்தது. உங்கள் தெருமுனையில் அப்படி ஒருவரைப் பார்த்தால் நினைவுக்கு வரவேண்டிய பெயர்.

நள்ளிரவில் உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் நெருக்கும்போது ஒப்பிட்டுப் பார்க்க நேரம் இருக்காது. மத்திய அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416 இலவசம், 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். தமிழக அரசின் 104 எண்ணும் உண்டு. 1986 முதல் சென்னையில் இயங்கும் சிநேகா அமைப்பில் தன்னார்வலர்கள் பேசுவார்கள். மருத்துவ வழிகாட்டல் வேண்டுமென்றால் 14416. தீர்ப்புச் சொல்லாமல் கேட்கும் ஒரு மனிதக் குரல் போதுமென்றால் சிநேகா. தற்கொலைக்கு முயன்றவரைத் தண்டிக்கக் கூடாது என்ற நிலைப்பாட்டை மேலே சொன்ன அதே சட்டம் எடுத்திருக்கிறது. போலீஸ் பயத்தில் மருத்துவமனைக்குப் போகாமல் இருந்துவிடாதீர்கள்.

யோகா, கடற்கரை நடை, நாட்குறிப்பு எல்லாம் நல்லவை, பிடித்ததைச் செய்யுங்கள். ஆனால் இருமுனைக் கோளாறு உள்ளவருக்கு எல்லாவற்றுக்கும் மேலானது ஒழுங்கான தூக்கம். ஓ.எம்.ஆர். அலுவலகங்களின் இரவுப் பணி கூடுதல் சம்பளம் தரலாம், இந்த நோய்க்கு அது ஆகவே ஆகாது. பகல் பணி கேட்பதற்காக மேலதிகாரியிடம் நோயைச் சொல்வதா, மறைப்பதா? எல்லோரிடமும் சொல்லவேண்டியதில்லை. பணிநேரத்தை மாற்றும் அதிகாரம் உள்ள ஒருவரிடம் மட்டும், மருத்துவச் சான்றோடு, எழுத்தில் சொல்வது எனக்கு உதவியது.

கடைசியாக ஓர் ஒப்பீடு. இதைச் செய்பவர்கள் குறைவு. நீங்கள் நிதானம் இழக்கும் நாளில் உங்களுக்காகப் பேசப்போவது யார்? நியமனப் பிரதிநிதி ஒருவரை முன்கூட்டியே நாமே தேர்ந்தெடுக்க 2017-ஆம் ஆண்டுச் சட்டம் உரிமை தருகிறது. வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்திட்டால் போதும். கணவரா, பெற்றோரா, நண்பரா என்று யோசிக்கும்போது அன்பை மட்டும் பார்க்காதீர்கள். என் கணவர் அன்பானவர். ஆனால் நான் அதிகம் சிரித்தால் மகிழ்ச்சியாக இருக்கிறேன் என்று நினைத்துக்கொள்பவர். என் தங்கை அப்படியல்ல. நான் ஒரே மாலையில் தி. நகரில் நான்கு புடவை வாங்கிவிட்டேன் என்று கேள்விப்பட்டால், “அக்கா, இரவு எத்தனை மணிக்குப் படுத்தாய்?” என்றுதான் முதலில் கேட்பாள். அவள் பெயரைத்தான் எழுதிக் கொடுத்திருக்கிறேன். எந்த மருத்துவமனையில் சேர்ப்பது, எந்த மருந்து எனக்கு ஆகாது, வங்கி அட்டையை யார் வாங்கி வைத்துக்கொள்வது என்பதையெல்லாம் இருவரும் சேர்ந்து உட்கார்ந்து எழுதினோம். ஒரு பிரதி அவளிடமும், ஒன்று என் நோட்டுப் புத்தகத்திலும், மற்றொன்று டாக்டரின் கோப்பிலும் இருக்கிறது.