மூன்று வட்டியா, அடகா, திர்ஹம் லோனா?

துபாயில் முதல் மாதச் சம்பளம் வரும்போதே அதற்காக ஊரில் ஒருவர் காத்திருப்பார். ஏஜெண்டுக்குக் கட்டியது, தங்கை கல்யாணம், வீட்டுக்குத் தளம் போட்டது என்று கடன் எதற்காக வாங்கியதாகவும் இருக்கலாம். அதை அடைக்க எங்கள் அறையில் சுற்றிச் சுற்றி மூன்று வழிகளைத்தான் பேசுவோம்: வட்டியை மாதாமாதம் அனுப்புவது, வீட்டு நகையை அடகு வைத்து முடிப்பது, இங்கே பேங்க் லோன் எடுத்து முடிப்பது.

மூன்று லட்சம் கடன், மூன்று வட்டி, அதாவது நூறு ரூபாய்க்கு மாதம் மூன்று ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 9,000 ரூபாய், வருடத்துக்கு 1,08,000. இத்தனை கட்டியும் அசல் அப்படியே நிற்கும். "வட்டி ஒழுங்கா வருதுல்ல தம்பி, அசலை மெதுவா பாத்துக்கலாம்" என்று கடன் கொடுத்தவர் அன்பாகச் சொன்னால் அப்போதுதான் உஷாராக வேண்டும். அசல் திரும்பாமல் இருப்பதுதானே அவருக்கு வருமானம்! கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டலுக்கு எதிராகத் தமிழ்நாட்டில் 2003-லேயே சட்டம் வந்துவிட்டது. சரி, புகார் கொடுக்கலாம். மறுநாள் வாசலில் வந்து நிற்கிறவரிடம் பேசப்போவது அம்மாதான், நாம் இல்லை.

அதே மூன்று லட்சத்தை பேங்க் நகைக்கடனாக மாற்றினால்? வட்டி வருடத்துக்கு 10 சதவீதம் என்றால் மாதம் 2,500 ரூபாய்தான். ஆனால் அனுப்பும் தொகையைக் குறைக்கக் கூடாது. அதே 9,000 போய்க்கொண்டே இருந்தால் மீதி அசலில் கழியும், நாற்பதாவது மாதத்தில் நகை வீட்டுக்கு வந்துவிடும். மூன்று வட்டியில் நாற்பது மாதம் கழித்தும் மூன்று லட்சம் பாக்கி. ஃபைனான்ஸ் கடைகளில் பணம் சீக்கிரம் கிடைக்கும், ஆனால் வட்டி பேங்கை விட நன்றாகவே கூடும். ரேட்டைக் கேட்காமல் வைக்காதீர்கள்.

இதில் நான் பட்ட அடி ஒன்று உண்டு. லீவில் போனபோது நகையை என் பெயரில் வைத்துவிட்டு விமானம் ஏறிவிட்டேன். தவணை முடிந்து வந்த எஸ்எம்எஸ் எல்லாம் ரீசார்ஜ் செய்யாத என் ஊர் சிம்முக்குப் போயின. சிம் பெட்டிக்குள் கிடந்தது. நோட்டீஸ் வீட்டுக்கு வந்த பிறகுதான் விஷயமே தெரிந்தது. திருப்பப் போன மனைவியிடம் "வெச்சவரு நேர்ல வரணும்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அவள் நகை, அவளிடமே தரவில்லை! ஊரில் இருப்பவர் பெயரில், அவர் போன் நம்பரில் வையுங்கள்.

திர்ஹம் லோன் பார்க்க அழகாக இருக்கும். சம்பளம் விழும் பேங்கே கூப்பிட்டுக் கொடுக்கும். ஆனால் விளம்பரத்தில் இருக்கும் ஃபிளாட் ரேட்டை (முதலில் வாங்கிய முழுத் தொகைக்கே கடைசி வரை போடும் வட்டி) நம்பி ஊர் வட்டியோடு ஒப்பிடக் கூடாது, குறையும் அசலுக்குக் கணக்கிட்டால் அது ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஐக்கிய அரபு அமீரகத்தில் தனிநபர் கடனை 48 மாதத்துக்குள் முடிக்க வேண்டும், எல்லாத் தவணையும் சேர்ந்து சம்பளத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. வேலை போனால் கணக்கில் விழும் கிராஜுவிட்டியை பேங்க் பிடித்துவைக்கும். வழக்கு வரைக்கும் போனால் ஊருக்கு விமானம் ஏறுவதே சிக்கலாகலாம்.

இன்னொன்றையும் யோசியுங்கள். 2015-ல் ஒரு திர்ஹம் 17 ரூபாய் சொச்சம், 2023-ல் 22 ரூபாய்க்கு மேல். திர்ஹம் சம்பளக்காரனுக்கு ரூபாய்க் கடன் தானாகக் கொஞ்சம் கரைகிறது. அதைக் கொண்டுபோய் ஏன் திர்ஹமாக மாற்ற வேண்டும்? வீட்டில் நகையே இல்லை, வட்டியோ ஐந்து, பத்து என்று ஓடுகிறது என்றால் மட்டும் எடுக்கலாம்.

நிலத்தை விற்பது தனிக்கதை. நம் சார்பில் விற்க ஊரில் ஒருவருக்கு எழுதிக்கொடுத்து, தூதரகத்தில் சான்றளித்த பவர் பத்திரம் ஊருக்குப் போய்ச் சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும் என்பதை மட்டும் மறக்காதீர்கள்.

எந்த வழியில் அடைத்தாலும், கடன் வாங்கும்போது கையெழுத்துப் போட்டுக் கொடுத்த புரோ நோட்டைக் கையில் வாங்கும் வரை கடன் முடியவில்லை. வட்டி வரவை அதன் பின்பக்கம் எழுதிக் நம்மிடம் கையெழுத்து வாங்கும்போதெல்லாம் அன்றிலிருந்து அதற்குப் புதிதாக மூன்று வருட ஆயுள் தொடங்குகிறது. கடைசித் தொகையை பேங்க் வழியாக அனுப்புங்கள், "கையில் குடுங்க" என்றால் சம்மதிக்காதீர்கள். என் மச்சான் போய் நோட்டை வாங்கி, ரெவின்யூ ஸ்டாம்ப் மேல் இருந்த என் கையெழுத்தைக் குறுக்கே கிழித்து, இரண்டு துண்டையும் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினான். அன்றைக்குத்தான் கடன் கொடுத்தவர் நம்பரை போனிலிருந்து அழித்தேன்.