ஒரே வீடு, நாலு மெத்தை: வேலூர் வெயிலில் பல வருஷம் படுத்துப் பார்த்தது

மெத்தைக் கடைகளில் எப்போதும் ஏசி ஓடும். அந்தக் குளிரில் எதில் படுத்தாலும் சுகமாகத்தான் இருக்கும். எங்கள் வீடு சத்துவாச்சாரியில், தலைக்கு மேலே நேரே மொட்டை மாடி. சித்திரை, வைகாசியில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். தளத்தில் ஏறிய சூடு நடுராத்திரி வரை இறங்கிக்கொண்டே இருக்கும். அதனால் வேலூர், ஆற்காடு, ராணிப்பேட்டைப் பக்கம் இருப்பவர்கள் மெத்தை வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது, அது சூட்டைப் பிடித்து வைக்குமா என்பதை. படுக்கிறவரின் எடையும் படுக்கும் விதமும் அடுத்தது. எங்கள் வீட்டில் ஐந்து பேர், நாலு விதமான மெத்தை. எல்லாமே பல வருஷம் புழங்கியவை.

என் மாமியார் மல்லாந்து படுப்பவர், ஒல்லியான உடம்பு, இடுப்பு வலி உண்டு. "முதுகு வலின்னா கட்டாந்தரைதாம்மா நல்லது" என்று பாயிலேயே படுத்துக்கொண்டிருந்தார். பலரும் இதை நம்புகிறார்கள். ஆனால் 2003இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஸ்பெயின் நாட்டு ஆய்வு வேறு மாதிரி சொல்கிறது. நாள்பட்ட இடுப்பு வலி இருந்த 313 பேரில் ஒரு பாதிக்குக் கெட்டி மெத்தையும் மறுபாதிக்கு நடுத்தரக் கெட்டி மெத்தையும் கொடுத்து 90 நாள் பார்த்தார்கள். நடுத்தரத்தில் படுத்தவர்களுக்குத்தான் வலி நன்றாகக் குறைந்தது. அதனால் அத்தைக்குத் தேங்காய் நார் மெத்தை வாங்கி, மேலே மெல்லிய ஃபோம் ஒன்றைப் போட்டோம். நாரில் ரப்பர் பால் தெளித்து அழுத்திச் செய்வதால் உள்ளே காற்று போய்வர இடம் இருக்கிறது, வேர்வை தங்குவதில்லை. காலையில் எழும்போது இடுப்பு பிடித்துக்கொள்வது குறைந்துவிட்டது என்கிறார். குறை ஒன்றுதான்: சில வருஷத்தில் நடுவில் குழி விழும். தலைமாட்டையும் கால்மாட்டையும் அடிக்கடி மாற்றிப் போட்டால் இன்னும் கொஞ்ச காலம் தாங்கும்.

என் வீட்டுக்காரர் கனத்த உடம்பு, ஒருக்களித்துத்தான் தூங்குவார். அப்படிப் படுப்பவர்களுக்குத் தோளும் இடுப்பெலும்பும்தான் மொத்த பாரத்தையும் தாங்கும். அந்த இரண்டு இடமும் கொஞ்சம் அமுங்கினால்தான் முதுகுத்தண்டு நேராக இருக்கும். இந்தக் கணக்கில் மெமரி ஃபோம்தான் சரி. 1966இல் நாசாவுக்காக, விமான இருக்கைக்கென்று உருவாக்கிய பொருள் அது. உடம்புச் சூட்டில் இளகி, உடம்பின் வளைவுக்கு ஏற்றபடி குழையும். மார்கழியில் அருமையாக இருந்தது. கத்திரி வெயில் வந்ததும் மெத்தையே இளகிப்போய் அவர் உள்ளே புதைந்துவிட்டார். புதைந்த உடம்பைச் சுற்றிக் காற்று ஓடாது. பனியன் நனைந்து எழுந்து உட்கார்ந்துவிடுவார். இப்போது அந்த மெத்தை வடக்குப் பார்த்த அறையில் என் மகளுக்கு. அவளும் ஒருக்களித்துப் படுப்பவள்தான், ஆனால் எடை குறைவு என்பதால் அவ்வளவு அமுங்குவதில்லை, சுகமாகத் தூங்குகிறாள்.

நாங்கள் இருவரும் படுப்பது இப்போது லேடெக்ஸ். ரப்பர் பாலை நுரைக்கவைத்துச் செய்வது. உள்ளே ஊசி ஊசியாகத் துளைகள் இருக்கும். அமுக்கினால் அமுங்கும், கையை எடுத்தால் உடனே எழும்பும், உடம்பைப் பிடித்து வைக்காது. கோடையில் இதில் படுப்பது மெமரி ஃபோமைவிட எவ்வளவோ மேல். அவருக்கு ஷிஃப்ட் வேலை, நடுராத்திரியில் வந்து படுப்பார். முன்பு இருந்த பழைய வகை ஸ்பிரிங் மெத்தையில் கம்பிகள் ஒன்றோடொன்று பின்னியிருக்கும் என்பதால் அவர் புரண்டால் எனக்கு விழிப்பு வந்துவிடும். லேடெக்ஸில் அந்த ஆட்டம் என் பக்கம் வருவதே இல்லை. தனித்தனி உறையில் ஸ்பிரிங் வைக்கும் பாக்கெட் ஸ்பிரிங் மெத்தையும் இதற்கு நல்லதுதான். லேடெக்ஸ் விலை அதிகம், கனமும் அதிகம். திருப்பிப் போட இரண்டு ஆள் வேண்டும். ஒரு முக்கியமான விஷயம்: நம் ஊர் வழக்கப்படி மெத்தையை மாடியில் காயப் போடுகிறோமே, லேடெக்ஸை மட்டும் அப்படிச் செய்யவே கூடாது. வெயில் பட்டால் ரப்பர் மக்கி உதிர ஆரம்பிக்கும். நிழலில் காற்றாட வைத்தால் போதும்.

மகன் குப்புறப் படுப்பவன். வயிறு உள்ளே இறங்கினால் இடுப்பு வளைந்து வலிக்கும், அதனால் கெட்டியான படுக்கை தேவை. அவனுக்கு இலவம்பஞ்சு மெத்தை. புதிதில் பொதபொதவென்று இருந்தாலும் படுக்கப் படுக்க அமுங்கிக் கெட்டிப்பட்டுவிடும்; மற்றவர்களுக்குக் குறையாகத் தெரிவது அவனுக்கு வசதி. இதைத் தாராளமாக வெயிலில் போடலாம். கம்பால் பலமாக அடிக்காதீர்கள், இழை ஒடிந்து தூளாகிவிடும்.

எந்த மெத்தையாக இருந்தாலும் கத்திரியில் மேலே ஒரு கோரைப்பாய் விரித்துப் பாருங்கள். பழைய வட ஆற்காட்டுக்காரர்களுக்கு வந்தவாசிப் பாயைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். மெமரி ஃபோமில் மட்டும் பாய் போட்டால் குழையும் தன்மை பாதி போய்விடும். பிளாஸ்டிக் பூசிய நீர்புகா உறையைக் கோடையில் கழற்றிவிட்டுப் பருத்தி விரிப்பு மட்டும் போடுங்கள்.

கடையில் உட்கார்ந்து பார்த்து வாங்காமல், நீங்கள் வழக்கமாகப் படுக்கும் விதத்திலேயே கால் மணி நேரமாவது படுங்கள். மல்லாந்து படுப்பவர்கள் இடுப்புக்கு அடியில் கையை விட்டுப் பார்க்கலாம்: கை தாராளமாகப் போனால் மெத்தை ரொம்பக் கெட்டி, நுழையவே முடியாவிட்டால் ரொம்ப மெத்து. லேடெக்ஸ் என்று சொன்னால் உறையின் ஜிப்பைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்; மேலே ஒரு அங்குலம் லேடெக்ஸ் வைத்து, கீழே முழுக்கச் சாதாரண ஃபோம் வைத்ததும் அதே பெயரில் விற்கிறது. வாரண்டி அட்டையில் எத்தனை அங்குலக் குழிக்கு மேல் மாற்றித் தருவார்கள் என்று போட்டிருக்கும், பணம் கட்டும் முன்பே அதைப் படித்துவிடுங்கள்.