ஸ்னோ ப்ளோயருக்கு எந்தப் பெல்ட்: நிறுவனத்தினுடையதா, சாதாரண வி-பெல்ட்டா?

பனியை அள்ளி வீசும் ஸ்னோ ப்ளோயரின் என்ஜின் உறுமுகிறது, ஆனால் முன்னாலுள்ள ஆகர், அதாவது பனியை வாரி உள்ளே இழுக்கும் திருகு, ஈரப்பனியைத் தொட்டதும் நின்றுவிடுகிறது. ரப்பர் கருகும் வாடை வேறு. மூடியைக் கழற்றினால், ஆகரைச் சுற்றவைக்கும் பெல்ட்டின் பக்கங்கள் கண்ணாடி போலப் பளபளக்கின்றன, ஓரத்தில் நூல் பிரிந்து தொங்குகிறது. மாற்றியே ஆக வேண்டும்.

இயந்திரத்தைச் செய்த நிறுவனத்தின் பெல்ட்டையும் அதே அளவிலுள்ள சாதாரண வி-பெல்ட்டையும் பக்கத்தில் வைத்தால் அண்ணன் தம்பி போலிருக்கும். இரண்டும் அரை அங்குல அகலம். விலை மட்டும் எட்டாத தூரம். நானும் மலிவானதைத்தான் முதலில் வாங்கினேன்.

மாட்டி ஓட்டியபோது, ஆகரை இயக்கும் கைப்பிடி லிவரை, அதாவது பிடியை, விட்ட பிறகும் ஆகர் சோம்பலாகச் சுற்றிக்கொண்டே இருந்தது! பெல்ட் கால் அங்குலம் குட்டையாக இருந்திருக்கிறது. பெல்ட்டில் ஓடும் பெரிய மின்விசிறிகளில் அது பொதுவாக எப்போதும் இறுகியே ஓடும். இங்கே அப்படியில்லை. பிடியை அழுத்தினால் ஐட்லர் புல்லி என்ற சிறு உருளை பெல்ட்டை இறுக்கும். விட்டால், சுழலும் புல்லியின் மேலேயே பெல்ட் தளர்ந்து வழுக்க வேண்டும். என்ஜினின் சுழற்சியை ஆகரோடு சேர்த்தும் பிரித்தும் விடும் கிளட்ச் வேலையைச் செய்வதே பெல்ட்தான். அதற்காகவே நிறுவனப் பெல்ட்டுகளில் பெரும்பாலும் துணியுறையும், எளிதில் நீளாத அராமிட் (கெவ்லர் வகை) நூலும் இருக்கும். சாதாரணப் பெல்ட்டில் இருப்பது பாலியெஸ்டர் நூல். கட்டிப்பனியில் நாலு முறை இடித்தால் நீண்டுவிடும், மறுபடி வழுக்கும், மறுபடி கருகும்.

பழைய பெல்ட்டை அளந்துகொண்டு கடைக்குப் போவதும் வீண்; அது ஏற்கெனவே நீண்டிருக்கும். கையேட்டிலுள்ள பாக எண்ணைப் பாருங்கள். அதே எண்ணுக்குப் பொருந்தும் அராமிட் பெல்ட்டை வேறு நிறுவனம் செய்திருந்தால் தயங்காமல் வாங்கலாம். என் ஓட்டு அதற்கே.

இதுவரை சொன்னது ஆகர் பெல்ட். சக்கரங்களை ஓட்டும் இன்னொரு பெல்ட்டின் கதை வேறு. பல மாடல்களில் அது எப்போதும் இறுகியே ஓடும். கிளட்ச் வேலையை உராய்வுத் தட்டு பார்த்துக்கொள்ளும். அங்கே சாதாரணப் பெல்ட் ஒரு பருவம் தாக்குப்பிடிக்கலாம். ஆனாலும் ஸ்பார்க் பிளக் வயரைக் கழற்றி, பனி வீசும் குழாயை எடுத்து, பல இயந்திரங்களில் உடலையே இரண்டாகப் பிரித்துத்தான் உள்ளே போக முடியும். அவ்வளவு பாடுபட்டு ஒரு பெல்ட்டை மட்டும் மாற்றுவானேன்? இரண்டையும் மாற்றிவிடுங்கள்.

மாட்டியதும், கைப்பிடிக்குப் பின்னால் நின்றபடியே பிடியை அழுத்தி விட்டுப் பாருங்கள். 5 நொடிக்குள் ஆகர் நிற்க வேண்டும் என்று பல கையேடுகள் சொல்கின்றன. நிற்கவில்லையா, பிடியிலிருந்து ஐட்லருக்குப் போகும் கேபிளைச் சரிசெய்யுங்கள். அப்போதும் நிற்காவிட்டால் அந்தப் பெல்ட்டைக் கழற்றிவிடுங்கள்.