அபு சிம்பலா, கெர்மாவா? நூபியாவைப் பார்க்க இரண்டு வழிகள்

எகிப்தின் தென்கோடியில் இருக்கும் அபு சிம்பல் பெரிய கோயிலின் வாசலுக்குத் தெற்கே உட்கார்ந்திருக்கும் ராம்செஸ் சிலையின் இடது காலில் கிரேக்க எழுத்தில் சில வரிகள் கீறியிருக்கும். கி.மு. 593 வாக்கில் இரண்டாம் சாம்டிக் என்ற எகிப்திய அரசன் தெற்கே, இன்றைய சூடானில் இருந்த குஷ் நாட்டின் மேல் படையெடுத்தபோது, கூலிக்குச் சண்டை போடப் போன கிரேக்கச் சிப்பாய்கள் எழுதியது அது. நைல் ஆறு போகவிட்ட தூரம் வரை போனோம் என்கிறார்கள். அந்தப் படை போய் என்ன செய்தது என்று பார்க்க வேண்டுமானால் எல்லை தாண்டி சூடானுக்குள், பஸ்ஸில் ஒரு முழு நாள் தெற்கே போக வேண்டும். அங்கே கெர்மா அருங்காட்சியகத்தில் கரும்பாறையில் வடித்த ஏழு அரசர் சிலைகள் வரிசையாக நிற்கின்றன. தஹார்கா, தனுதமானி, சென்கமானிஸ்கென், அன்லமானி, அஸ்பெல்தா என ஐந்து அரசர்கள், அதில் இரண்டு பேருக்கு இரண்டிரண்டு சிலை. கழுத்திலும் முழங்காலிலும் ஒட்டுப்போட்ட கோடு தெரியும். சாம்டிக்கின் படை உடைத்துப்போட்டதை உள்ளூர் ஆட்கள் பொறுக்கி ஒரு குழியில் மரியாதையோடு புதைத்திருக்கிறார்கள் என்பதுதான் ஆய்வாளர்கள் பெரும்பாலும் ஏற்கும் விளக்கம். 2003-இல் சுவிட்சர்லாந்துக்காரர் சார்ல் போனேயின் குழு அந்தக் குழியைத் தோண்டி எடுத்தது.

நான் 2020 ஜனவரியில் சூடான் பக்கமும், 2022 டிசம்பரில் எகிப்து பக்கமும் தரைவழியாகப் போனேன். கெர்மாவில் அந்தக் கழுத்துக்கோடுகளைப் பார்த்த பிறகுதான் அபு சிம்பலில் அந்தக் காலடியில் போய் நின்றேன். ஒரே சம்பவத்தின் இரண்டு முனைகள். இதனால்தான், நைலை ஒட்டித் தெற்கு எகிப்திலும் வடக்கு சூடானிலும் பரவிய நூபியாவுக்கு எகிப்து வழியா சூடான் வழியா என்று யாராவது கேட்டால் என்னால் ஒற்றை வார்த்தையில் பதில் சொல்ல முடிவதில்லை. ஆனால் இரண்டும் சமம் என்றும் சொல்ல மாட்டேன்.

முதலில் எகிப்து. அஸ்வானிலிருந்து அபு சிம்பலுக்கு சுமார் 280 கி.மீ. பாலைவனத் தார்ச்சாலை. பெரும்பாலானவர்கள் விடியற்காலை 4 மணிக்கு மினிபஸ் ஏறி, கோயிலில் இரண்டு மணி நேரம் நின்று, மதியச் சாப்பாட்டுக்கு அஸ்வான் திரும்பிவிடுகிறார்கள். சாலை நன்றாக இருக்கிறது, ஓட்டல் கிடைக்கிறது, கார்டு வேலை செய்கிறது, டிக்கெட்டு எடுத்தால் போதும். சிரமம் என்று பெரிதாக எதுவும் இல்லை. ஆனால் அந்தச் சாலையில் நீங்கள் நூபியாவைப் பார்ப்பதில்லை, ஏனென்றால் அங்கே நூபியா இல்லை. அஸ்வான் உயர் அணையால் உருவான நாசர் ஏரிக்கு அடியில் அது போய்விட்டது. 1963-64-இல் எகிப்துப் பக்கத்தில் மட்டும் சுமார் 50,000 நூபியர்களை வடக்கே கோம் ஓம்போ பக்கம் கொண்டுபோய்க் குடியமர்த்தினார்கள், ஆற்றை விட்டுத் தள்ளி, வரிசை வரிசையான சிமெண்டு வீடுகளில். கோயில்களுக்கு உலகமே காசு போட்டது: அபு சிம்பலை 1964 முதல் 1968 வரை துண்டு துண்டாக அறுத்து 65 மீட்டர் மேலே ஏற்றினார்கள், பிலே தீவுக் கோயிலை அகில்கியா தீவுக்கு மாற்றினார்கள். அந்த வேலை மனிதர்கள் செய்த பெரிய காரியங்களில் ஒன்று, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அதே ஊர்களில் இருந்த திண்ணைகளையும் பேரீச்சை மரங்களையும் யாரும் அறுத்து மேலே ஏற்றவில்லை என்பது மட்டும் அங்கே நிற்கும்போது மனதில் ஓடிக்கொண்டே இருந்தது.

சூடான் பக்கமும் இதே தண்ணீரில் மூழ்கியதுதான். பழைய வாதி ஹல்ஃபா ஊரே போனது, அங்கிருந்தும் ஏறக்குறைய 50,000 பேரைக் கிழக்கே வெகு தொலைவில் கஷ்ம் எல் கிர்பாவுக்கு அனுப்பினார்கள். ஆனால் ஏரி முடிகிற இடத்துக்குத் தெற்கே ஊர்கள் அப்படியே இருக்கின்றன. வாதி ஹல்ஃபாவிலிருந்து டோங்கோலா வரை சுமார் 400 கி.மீ., நைலை ஒட்டியும் விலகியும் போகிற சாலை. அப்ரி, வாவா, டெல்கோ, தொம்போஸ், கெர்மா என்று ஊர் ஊராக இறங்கி இறங்கிப் போகலாம். இந்த ஒரு சாலைக்காகவே நான் சூடான் பக்கம்தான் என்று சொல்வேன்.

சோலெப் கோயிலை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றாம் அமென்ஹோதெப் கட்டியது, சுமார் 3,350 வருடப் பழசு. தார்ச்சாலை கிழக்குக் கரையில், கோயில் மேற்குக் கரையில். வாவா கிராமத்தில் யாரையாவது பிடித்து மோட்டார் படகுக்குச் சொல்ல வேண்டும், அவர் போய் இன்னொருவரைக் கூப்பிட்டு வருவார், அதற்குள் உங்களுக்கு இரண்டு டம்ளர் டீ ஆகிவிடும். அக்கரையில் இறங்கினால் அவரைச் செடிக்கும் கோதுமைக்கும் நடுவே வாய்க்கால் வரப்பில் நடந்து, பேரீச்சந்தோப்பு முடிந்ததும் திடீரென்று தூண்கள். வேலி கிடையாது, விளக்கு கிடையாது. காவல்காரர் வீட்டிலிருந்து டிக்கெட்டுப் புத்தகத்தோடு வந்தார், கூடவே அவர் பேரனும் ஓர் ஆட்டுக்குட்டியும். தூண்களின் அடியில் கை பின்னால் கட்டப்பட்ட கைதிகளின் உருவம், ஒவ்வொருவர் உடம்புக்கும் கீழே நீள்வட்டத்துக்குள் ஒரு நாட்டின் பெயர். நாலு கைதியைக் கையால் தடவிக் காட்டிவிட்டு, ஐந்தாவதன் மேல் படிந்திருந்த மணலைத் தன் அங்கியின் நுனியால் துடைத்தார் அந்தப் பெரியவர். தன் வீட்டு வாசலைத் துடைப்பதுபோல அவ்வளவு இயல்பாக.

இந்தக் கோயிலுக்கென்று செய்த இரண்டு செங்கருங்கல் சிங்கங்களை அமானிஸ்லோ என்ற குஷ் அரசன் தெற்கே ஜெபல் பர்கல் குன்றுக்குக் கொண்டுபோனான், 19-ஆம் நூற்றாண்டில் அங்கிருந்து ஓர் ஆங்கிலப் பிரபு லண்டனுக்குக் கொண்டுபோனார். இப்போது பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கின்றன.

வீடுகள் விஷயத்திலும் வித்தியாசம் பெரிது. அஸ்வானுக்கு எதிரே கர்ப் சுஹைலில் நீல வீடுகள், ஒட்டக சவாரி, தொட்டியில் முதலைக்குட்டி. அதைப் போலி என்று ஒதுக்கிவிடாதீர்கள். அணைகளால் நிலத்தை இழந்த மக்கள் தங்கள் வீட்டு வாசலைத் தாங்களே தொழிலாக்கிக்கொண்டிருக்கிறார்கள், அங்கே நாம் கொடுக்கும் வாடகை பெரும்பாலும் நூபியர் கைக்கே போகிறது. ஆனால் சாயங்காலப் படகுகள் வரும் நேரத்தில் போனால் கடைத்தெருதான் மிஞ்சும். ஓர் இரவு தங்குங்கள், காலை 7 மணிக்கு அந்த ஊர் வேறு ஊர். அப்ரியிலோ இந்த ஏற்பாடெல்லாம் இல்லை. மண் சுவர், பெரிய முற்றம், அதன் ஓரத்தில் அங்கரீப் என்னும் கயிற்றுக்கட்டில், அவ்வளவுதான் அறை. வாசலை ஒட்டி மண்திண்ணை, அதை அவர்கள் மஸ்தபா என்கிறார்கள். தெருவில் கூரைக்குக் கீழே ஜீர் என்னும் பெரிய மண்பானைகள் வரிசையாக, மேலே ஒரு தகர டம்ளர், யார் வேண்டுமானாலும் மொண்டு குடிக்கலாம். நம்மூர்த் தண்ணீர்ப்பந்தல் கோடையில் மட்டும், அங்கே வருடம் முழுக்க. பானையின் அடிப்பக்கம் எப்போதும் ஈரமாகக் கசிந்துகொண்டிருக்க, அந்த ஈரத்தில் ஒரு சிறு புல்திட்டு முளைத்திருந்ததைப் பார்த்தேன். சுற்றிலும் கண்ணுக்கு எட்டிய தூரம் வேறு பச்சை இல்லை.

மொழி ஒரு தனி ஆச்சரியம். அஸ்வான் பக்கத்து கென்சியும் டோங்கோலா பக்கத்து மொழியும் கிட்டத்தட்ட அக்கா தங்கை, ஆனால் அவை இரண்டுக்கும் நடுவே உள்ள ஊர்களில் பேசுவது நோபின் என்ற வேறு நூபிய மொழி. இரண்டு பக்கமும் போனால்தான் இது காதில் விழும்.

சரி, சிரமங்களையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நியாயமில்லை. நான் போன காலத்தில் சூடானில் வெளிநாட்டுக் கார்டு எதுவும் செல்லாது, மொத்தப் பயணத்துக்கும் டாலரைக் கையில் கட்டிக்கொண்டு போக வேண்டும். நாட்டுக்குள் நுழைந்த மூன்று நாளுக்குள் போலீஸ் பதிவு. பெட்ரோல் வரிசை சில ஊர்களில் தெரு முனை தாண்டி நின்றது. சாப்பாடு ஃபூல் என்னும் அவித்த மொச்சை, மறுநாளும் ஃபூல், கொஞ்சம் அதிர்ஷ்டம் இருந்தால் குர்ராசா, அது கோதுமை மாவில் தடித்த தோசை மாதிரி, மேலே குழம்பு ஊற்றித் தருவார்கள். அப்புறம் நிமித்தி. குளிர்காலத்தில் ஆற்றோரம் மொய்க்கும் பொடிப்பூச்சி, கொசுவில் பாதி இருக்காது, கண், காது, மூக்கு எல்லாவற்றிலும் புகுந்துவிடும். வயலில் வேலை செய்பவர்கள் தலைக்கு வலை போட்டிருப்பார்கள். நான் வலை கொண்டுபோகவில்லை, நீங்கள் அந்தத் தப்பைச் செய்யாதீர்கள். எகிப்துப் பக்கம் இதில் எந்தத் தொல்லையும் எனக்கு இருக்கவில்லை.

சூடானுக்குள்ளேயே இன்னொரு தேர்வும் உண்டு. ஆற்றோரமாக டோங்கோலா, கரீமா என்று வளைந்து போவது ஒன்று. வாதி ஹல்ஃபாவிலிருந்து பாலைவனத்தை நேராக வெட்டி அபு ஹமெது போய், அத்பரா வழியாக மெரோவே பிரமிடுகளுக்கு இறங்குவது இன்னொன்று. இரண்டாவது வழியில் 1897-இல் ஆங்கிலேயத் தளபதி கிட்சனர் படைக்காகப் போட்ட ரயில் பாதை ஓடுகிறது, ஆற்றின் பெரிய வளைவை மிச்சப்படுத்தப் போட்டது, நிலையங்களுக்குப் பெயர் இல்லை, எண்தான். வெறும் பாலைவனத்தை விரும்புகிறவர்களுக்கு அது பிடிக்கலாம். எனக்கு ஆற்று வழிதான். காரணம் கரீமா. அந்த ஊரை ஒட்டியிருக்கும் ஜெபல் பர்கல் சுமார் 100 மீட்டர் உயரப் பாறைக்குன்று, அதன் ஓரத்தில் தனியாக நிற்கும் கல்தூணைப் படமெடுத்த நாகமாகவே பண்டைய மக்கள் பார்த்தார்கள், அமுன் தெய்வம் அந்த மலைக்குள் இருக்கிறது என்று நம்பினார்கள். சாயங்காலம் ஏறினால் கீழே கோயிலின் முழு வரைபடமும், ஒரு பக்கம் சின்னப் பிரமிடுகளும், பேரீச்சைக்கு அப்பால் ஆறும் தெரியும். இறங்குவதற்குப் படி வேண்டாம், பக்கவாட்டு மணல் சரிவில் ஓடியே வந்துவிடலாம். அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் எல் குர்ரு. காவலர் இரும்புக் கதவைத் திறந்துவிட, பாறையில் வெட்டிய படிகளில் இறங்கினால் தனுதமானியின் கல்லறை. மேலே நட்சத்திரங்கள், சுவரில் சிவப்பும் மஞ்சளும் நேற்று தீட்டியதுபோல. கெர்மாவில் உடைந்த சிலையாகப் பார்த்த அதே அரசன், இங்கே முழு முகத்தோடு.

மெரோவேயைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் படங்களில் எல்லோரும் பார்த்ததுதான். மணல்மேட்டில் நெருக்கமாக நிற்கும் கூர்மையான பிரமிடுகள், பலவற்றுக்குத் தலை இல்லை. 1834-இல் ஃபெர்லினி என்ற இத்தாலியர் தங்கம் தேடி இடித்தார், அங்கே எடுத்த குஷ் ராணி அமானிஷகெதோவின் நகைகள் இன்று மியூனிக்கிலும் பெர்லினிலும் இருக்கின்றன. அழகு என்று பார்த்தால் அபு சிம்பலுக்குச் சமமாக நிற்கக்கூடியது இதுதான்.

இப்போதைய நிலைக்கு வருவோம். 2023 ஏப்ரல் 15-இல் சூடானில் போர் தொடங்கியது. கார்த்தூம் தேசிய அருங்காட்சியகம் சூறையாடப்பட்டது. நான் டீ குடித்த அதே வாதி ஹல்ஃபாவில் எகிப்து விசாவுக்காக ஆயிரக்கணக்கான குடும்பங்கள் பள்ளிக்கூடங்களிலும் தெருவோரத்திலும் நாள்கணக்கில் படுத்துக் கிடந்தன. ஆகவே சூடான் வழியை மேலே இவ்வளவு புகழ்ந்தாலும், இன்றைக்குக் கிளம்பாதீர்கள். குஸ்துல், அர்கீன் எல்லைகளில் பஸ் ஓடுகிறதே என்று யாராவது ஆசை காட்டினாலும் வேண்டாம். போரில் சிக்கிய ஊர்களுக்கு விருந்தாளியாகப் போவது அவர்களுக்கும் பாரம்.

அப்படியானால் எகிப்துப் பக்கத்தை நூபியாவாகப் பார்க்கும்படி திட்டமிடுங்கள், அது முடியும். அஸ்வானில் குறைந்தது நான்கு நாள். முதல் நாள் நூபியா அருங்காட்சியகம், அவசரப்படாமல். அடுத்து கலாப்ஷா. உயர் அணைக்குப் பக்கத்திலேயே தீவில் இருக்கிறது, சிறு படகு பேசிப் போக வேண்டும், கூட்டமே இருக்காது. மண்டுலிஸ் என்ற நூபியத் தெய்வத்தின் கோயில் அது, சுவரில் நூபிய அரசன் சில்கோ தன் வெற்றிகளைக் கிரேக்கத்தில் எழுதிவைத்திருக்கிறான். என் கணக்கில் அஸ்வான் பக்கத்தில் முதலில் பார்க்க வேண்டியது இதுதான், அபு சிம்பல் அல்ல. பிலேயில் ஹேட்ரியன் வாயிலில் இதே மண்டுலிஸின் உருவத்துக்குப் பக்கத்தில், கி.பி. 394 ஆகஸ்ட் 24 தேதியிட்ட வரி ஒன்று இருக்கிறது, நமக்குக் கிடைத்துள்ள கடைசி எகிப்திய சித்திர எழுத்து. கடைசியாக அபு சிம்பல், ஆனால் அந்த 4 மணி மினிபஸ்ஸில் வேண்டாம். முந்தைய நாள் மதியமே போய் ஊரில் தங்கிவிட்டு, காலையில் கோயில் திறக்கும்போது முதல் ஆளாக நில்லுங்கள். அஸ்வான் வண்டிகள் வந்து சேர்வதற்குள் உங்களுக்குக் கொஞ்ச நேரம் கிடைக்கும். முகப்பு கிழக்கைப் பார்த்தது, வெயில் நேராக அந்தக் காலில் விழும். பின்னாளில் வந்த ஐரோப்பியப் பயணிகளும் பெயர் கிறுக்கியிருப்பதால் கிரேக்க வரிகளைக் கண்டுபிடிக்கக் கொஞ்சம் தேட வேண்டியிருக்கும். எனக்குத் தெரியாமல் நான் இரண்டு முறை தாண்டிப் போனேன், காவலர்தான் கை நீட்டிக் காட்டினார்.