குடிநோய் சிகிச்சைக்கு மாநகராட்சிப் பணம்: படுக்கைக்கா, மாலை ஓ.பி.க்கா?

சென்னையில் ஒருவர் குடியை விட வேண்டும் என்று முடிவெடுத்தால் அவருக்கு நான்கு வழிகள் உண்டு. அரசு மருத்துவமனைக்குப் போகலாம். அரசு மானியத்தில் நடக்கும் தொண்டு நிறுவன மையத்தில் சேரலாம். கையில் காசு இருந்தால் தனியார் மையத்துக்குப் போகலாம். நான்காவது இடம் பெரும்பாலும் வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்திலேயே இருக்கிறது, ஆனால் குடிக்குச் சிகிச்சை பெறும் இடமாக அதை யாரும் நினைப்பதில்லை. மாநகராட்சியின் ஆரம்ப சுகாதார நிலையத்தையும் நலவாழ்வு மையத்தையும்தான் சொல்கிறேன்.

இந்த நான்கில் மாநகராட்சி தன் பணத்தை எதில் போட வேண்டும் என்பதுதான் கேள்வி. படுக்கைகளைக் கூட்டுங்கள் என்ற கோரிக்கைதான் வழக்கமாக எழுகிறது. படுக்கையை எண்ணிக் காட்டலாம் என்பதால் நிர்வாகத்துக்கும் அது வசதி. குடிநோயாளிகளின் குடும்பங்களோடு பழகியவன் என்ற முறையில் எனக்கு அதில் உடன்பாடு இல்லை. முதல் ரூபாய் நான்காவது இடத்துக்குப் போக வேண்டும் என்பது என் கட்சி. மற்ற மூன்றும் வேண்டாம் என்று சொல்லவில்லை. அவற்றுக்குப் பணம் தர வேறு கைகள் இருக்கின்றன.

ஒரு கணக்கைப் பார்ப்போம். மத்திய சமூக நீதி அமைச்சகத்துக்காக எய்ம்ஸ் நடத்தி 2019இல் வெளியான தேசியக் கணக்கெடுப்பின்படி, மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதோ ஒரு சிகிச்சை பெற்றிருக்கிறார். உள்நோயாளியாகச் சேர்ந்து சிகிச்சை பெற்றவர் 180 பேருக்கு ஒருவர். நாளைக்கே படுக்கைகளை இரட்டிப்பாக்கினால் அது 90 பேருக்கு ஒருவர் என்று ஆகும். மீதி 89 பேர் அவரவர் தெருவில்தான் இருப்பார்கள்.

அரசு மருத்துவமனை

கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையின் வரலாறு 1794இலிருந்து தொடங்குகிறது. 2025இல் மாநில அரசு ‘கலங்கரை’ என்ற பெயரில் 25 அரசு மருத்துவமனைகளில் ஒருங்கிணைந்த போதை மீட்பு மையங்களைத் திறந்தபோது கீழ்ப்பாக்கமும் அதில் இருந்தது. சிகிச்சை இலவசம். மருத்துவர்கள் அனுபவசாலிகள். இதற்கு ஈடாக வேறொன்றை நிறுத்த முடியாத ஓர் இடம் உண்டு: குடியை நிறுத்திய முதல் நான்கு நாட்கள்.

வருடக்கணக்கில் தினமும் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். அதைத் தாண்டினால் இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாள்வரை இன்னொன்று காத்திருக்கிறது. கை நடுங்கும், சட்டை நனையுமளவுக்கு வியர்க்கும். சுவரில் பூச்சி ஊர்கிறது என்பார். இல்லாத நூலை விரலால் பிடித்து இழுத்துக்கொண்டே இருப்பார். மனைவியைப் பார்த்து “நீ யாரு” என்று கேட்பார். டெலிரியம் ட்ரெமென்ஸ் என்ற இந்த நிலையை வீட்டில் வைத்துச் சமாளிக்க நினைத்தால் உயிரே போகலாம். வார்டில் இதற்கு ஒரு முறை இருக்கிறது. நடுக்கத்துக்கும் நாடித்துடிப்புக்கும் ஏற்ப டயஸிபாம் அல்லது லோராஸிபாம் கொடுத்து, நாளாக நாளாகக் குறைப்பார்கள். குளுக்கோஸ் ஏற்றும் முன் தயமின் ஊசி போடுவார்கள். குடிப்பவர் உடம்பில் பெரும்பாலும் அந்த வைட்டமின் வற்றியிருக்கும். அது இல்லாத உடம்பில் குளுக்கோஸ் மட்டும் ஏறினால் மூளை பாதிக்கப்படும் அபாயம் உண்டு. இரவு பணியில் இருக்கும் செவிலியர் இதையெல்லாம் பழக்கத்தில் செய்வார். தெரு முனைக் கிளினிக்கால் முடியாத காரியம் இது.

சரி, குறை எங்கே? நோயாளியோடு ஓர் ஆள் தங்க வேண்டும். அந்த ஆள் பெரும்பாலும் மனைவி. வீட்டு வேலை செய்து சம்பாதிப்பவர் என்றால் அத்தனை நாள் கூலியும் போகும், சில சமயம் வேலையே போகும். டிஸ்சார்ஜ் ஆன பிறகு ஓ.பி. என்பது காலை நேரம். ஓ.பி. சீட்டு வாங்கி, வரிசையில் நின்று, மருந்து வாங்கி வெளியே வரும்போது அன்றைய நாள் முடிந்துவிடும். பெயிண்டருக்கும் சென்ட்ரிங் வேலைக்காரருக்கும் அது ஒரு நாள் கூலி. முதல் தடவை வருவார், இரண்டாம் தடவையும் வருவார். அப்புறம் வரமாட்டார். அவர் ஏன் வரவில்லை என்று போய்க் கேட்க மருத்துவமனையில் ஆள் இல்லை. அது அந்த வார்டின் தவறு அல்ல. ஒரு பெரிய மருத்துவமனை மணலியிலும் பெருங்குடியிலும் வீடு வீடாகப் போக முடியாது.

இந்த வழிக்கு மாநில அரசு பணம் தருகிறது, தரத்தான் வேண்டும். மாநகராட்சி இங்கே வந்து இன்னொரு வார்டு கட்ட வேண்டியதில்லை.

தொண்டு நிறுவன மையம்

இந்தியாவிலேயே இந்தத் துறைக்கு வழிகாட்டிய இடங்களில் ஒன்று நம் ஊரில் இருக்கிறது. கணவரைக் குடிநோய்க்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980இல் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை, அடையாறு பக்கம் இந்திரா நகரில் இயங்குகிறது. அவருக்கு 1992இல் பத்மஸ்ரீ கிடைத்தது. குடி என்பது ஒழுக்கக்கேடு அல்ல, நோய் என்ற பேச்சைத் தமிழ்க் குடும்பங்களுக்குள் கொண்டுபோனதிலும், நோயாளியின் மனைவியையும் பெற்றோரையும் சிகிச்சைக்குள் உட்கார வைத்ததிலும் அந்த இடத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

பொதுவாகத் தொண்டு நிறுவனங்களின் பலம் கவுன்சலர்கள், அதாவது நோயாளியோடு உட்கார்ந்து பேசி ஆலோசனை சொல்பவர்கள்தான். அரசு வார்டில் கிடைக்காத நேரம் இங்கே கிடைக்கும். ஒருவர் தன் கதையை முழுதாகச் சொல்லி முடிக்கும்வரை கேட்க ஆள் இருக்கும். மத்திய சமூக நீதி அமைச்சகம் தன் தேசியச் செயல்திட்டத்தின் கீழ் இத்தகைய மையங்களுக்குப் படுக்கை எண்ணிக்கையை வைத்து மானியம் தருகிறது. சிக்கலும் அங்கேதான். மானியம் தவணையாக வரும். ஆய்வு முடிய வேண்டும், போன தவணைக்குப் பயன்பாட்டுச் சான்று போக வேண்டும், அதற்கப்புறம் அடுத்த தவணை. நடுவில் தாமதமானால் முதலில் அடிபடுவது சம்பளம். ஏற்கெனவே குறைந்த சம்பளத்தில் இருக்கும் கவுன்சலர் வேறு வேலை பார்த்துக்கொண்டு போய்விடுவார். மூன்று மாதம் கழித்துச் சறுக்கி விழுந்து திரும்பி வரும் நோயாளி புது முகத்திடம் முதலிலிருந்து சொல்ல வேண்டும். அவமானத்தை இரண்டாம் முறை சொல்ல எல்லோருக்கும் மனசு வராது.

மாநகராட்சியும் இதே முறையில் ஒரு மானியம் தொடங்கினால் இதே தாமதம்தான் இன்னொரு அலுவலகத்திலிருந்து வரும். அதற்குப் பதில் குறிப்பிட்ட சில படுக்கைகளை நாள் கணக்கில் வாடகைபோல் வாங்கலாம். கூட இருக்க ஆள் இல்லாதவர்கள், மாநகராட்சியின் வீடற்றோர் காப்பகங்களில் இருப்பவர்கள், பெண்கள் ஆகியோருக்கு அந்தப் படுக்கைகள் போக வேண்டும். பெண்களுக்கென்று இருக்கும் இடங்கள் மிகக் குறைவு என்பதால் அவர்களைத் தனியாகச் சொல்கிறேன்.

தனியார் மையங்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நல்லவையும் உண்டு. ஆனால் பொதுப்பணம் ஒரு ரூபாய் போவதாக இருந்தாலும் பதிவுச் சான்று இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் மது, போதைப்பொருள் சார்ந்த மனநிலைகளையும் மனநோய் என்ற வரையறைக்குள் வைக்கிறது, ஆகவே போதை மீட்பு மையமும் பதிவு செய்தாக வேண்டும். பதிவில்லாமல் நடத்தினால் முதல் முறை 5,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதம். நோயாளியை ஆள் வைத்துத் தூக்கிப்போகும் மையம் எதுவானாலும், எவ்வளவு கட்டணம் வாங்கினாலும், அதன் வாசலை மிதிக்காதீர்கள். அடிவாங்கித் திரும்பியவர் மறுபடி எந்தச் சிகிச்சைக்கும் சம்மதிக்கமாட்டார். அதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

தெருவுக்குப் பக்கத்தில்

பதினைந்தாவது நிதிக்குழு 2021-22 முதல் 2025-26 வரையான காலத்துக்கு நாடு முழுவதும் உள்ளாட்சிகள் வழியாக ஆரம்ப சுகாதாரத்துக்கென 70,051 கோடி ரூபாயை ஒதுக்கியது. அந்தப் பணத்தில்தான் நகர்ப்புற நலவாழ்வு மையங்கள் வந்தன. 2023 ஜூனில் தமிழ்நாட்டில் ஒரே நாளில் 500 மையங்கள் திறக்கப்பட்டன. சென்னையில் ஏற்கெனவே இருக்கும் சுமார் 140 நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையங்களோடு, இவற்றில் சென்னைக்கு வந்தவையும் சேர்ந்துகொண்டன. ஒரு மருத்துவர், ஒரு செவிலியர், ஒரு சுகாதார ஆய்வாளர், ஓர் உதவியாளர். காலை 8 முதல் 12, மாலை 4 முதல் 8 என்று நேரம் வைத்தார்கள்.

அந்த மாலை நேரம்தான் என் வாதத்தின் உயிர். டாஸ்மாக் கடை பகல் 12 மணிக்குத் திறந்து இரவு 10 மணிக்கு மூடுகிறது. வேலை முடிந்து ஆறரை மணிக்கு வீடு திரும்பும் ஒருவருக்குக் குடிக்கும் எண்ணம் மூளும் நேரத்தில், நகரத்தில் திறந்திருக்கும் ஒரே பொது மருத்துவ இடம் அநேகமாக இந்த மையம்தான். அங்கே போனால் கூலி போகாது, பேருந்துக் கட்டணம் இல்லை. ‘பிரஷர் பார்க்க வந்தேன்’ என்று பக்கத்து வீட்டாரிடம் சொல்லிக்கொள்ளலாம். பெண்களுக்கு இந்த மறைப்பு ரொம்பவே முக்கியம். போதை மீட்பு என்று பலகை மாட்டிய வாசலில் அவர்கள் ஏற மாட்டார்கள்.

இப்படிப்பட்ட இடத்தில் சிகிச்சை பலிக்குமா? கோவாவில் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வந்த, தீங்கு தரும் அளவுக்குக் குடித்த ஆண்களுக்குப் பயிற்சி பெற்ற உள்ளூர் ஆட்களே ஆலோசனை தந்தார்கள். அவர்கள் மருத்துவர்கள் அல்ல, மனநலப் பட்டதாரிகளும் அல்ல. அதிகபட்சம் நான்கு அமர்வுகள். 2017இல் லான்செட் இதழில் வந்த முடிவின்படி, மூன்று மாதம் கழித்து ஆலோசனை பெற்றவர்களில் 36 சதவீதம் பேர் ஆபத்தான குடியிலிருந்து வெளியே வந்திருந்தார்கள். வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் 26 சதவீதம். பத்து புள்ளி வித்தியாசம், மிகக் குறைந்த செலவில்.

இதில் ஒன்றை மறைக்கக் கூடாது. அந்த ஆய்வு முற்றிய அடிமை நிலையில் இருப்பவர்களுக்கானது அல்ல. காலையில் எழுந்ததும் கை நடுங்கி ஒரு கட்டிங் போட்டால்தான் பல் துலக்க முடியும் என்ற நிலையில் இருப்பவரை நலவாழ்வு மையத்தில் வைத்துச் சமாளிக்க முடியாது, முதல் வாரம் அவர் வார்டில்தான் இருக்க வேண்டும். நான் சொல்வது அந்த வாரத்துக்கு முன்னும் பின்னும். முன்னால்: முற்றுவதற்குள் பத்துக் கேள்வி கேட்டு அடையாளம் காண்பது. பின்னால்: டிஸ்சார்ஜுக்கு அப்புறம் வரும் மாதங்கள். சர்க்கரை நோயாளிக்கு ஒரு மாதம் மருந்து கொடுத்துவிட்டு ‘குணமாகிவிட்டது, போய் வாருங்கள்’ என்று எந்த மருத்துவரும் சொல்வதில்லை. குடிநோயாளிக்கு மட்டும் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறோம்.

பின்னால் நடக்க வேண்டிய வேலை எப்படி இருக்கும் என்பதற்கு டைசல்ஃபிரம் மாத்திரையையே சொல்லலாம். அதைச் சாப்பிட்டுவிட்டுக் குடித்தால் முகம் சிவக்கும், வாந்தி வரும், ரத்த அழுத்தம் சடாரென்று இறங்கும். ஆகவே நோயாளிக்குத் தெரிந்து, அவர் சம்மதத்தோடு மட்டுமே தர வேண்டிய மருந்து இது. பல வீடுகளில் என்ன நடக்கிறது? வேறு வழி தெரியாத மனைவி எங்கேயோ வாங்கிய பொடியைக் குழம்பில் கலந்துவிடுகிறார். அதில் என்ன இருக்கிறது என்று அவருக்கே தெரியாது. பக்கத்து மையத்தில் இருக்கும் செவிலியர் வாரம் ஒரு மாலை இருவரையும் எதிரே உட்காரவைத்து, மாத்திரை அட்டையை வாங்கி எண்ணிப் பார்த்து, கல்லீரல் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்து, “போன வாரம் தூக்கம் எப்படி?” என்று கேட்டால் போதும், அந்தக் குழம்பு விபத்து நடக்காது.

ஆனால் மையத்தில் இருக்கும் அந்த நான்கு ஊழியர்களில் கவுன்சலர் இல்லை. இருக்கும் செவிலியருக்குத் தடுப்பூசி, பிரஷர், சர்க்கரை, பதிவேடு என்று ஏற்கெனவே கை நிறைய வேலை. இன்னொரு வேலையை அவர் தலையில் கட்டினால் அது பதிவேட்டில் மட்டும்தான் நடக்கும். எனவே மாநகராட்சி செலவழிக்க வேண்டியது ஆளுக்கு. இரண்டு மூன்று மையங்களுக்கு ஒருவர் என்று மாலை நேரக் கவுன்சலர்கள், வராதவர் வீட்டுக்குப் போய்ப் பார்க்க ஒரு களப்பணியாளர், மாதம் ஒரு முறை வந்து போகும் மனநல மருத்துவர். குடியிலிருந்து மீண்டவர்களையே களப்பணிக்கு எடுக்கலாம். சர்ச் ஹாலிலும் பள்ளிக்கூடங்களிலும் கூடும் ஏ.ஏ. (குடியை விட நினைப்பவர்களும் விட்டவர்களும் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) கூட்டங்களுக்கு முதல் தடவை கைப்பிடித்துக் கூட்டிப்போக அவர்களைவிடப் பொருத்தமானவர்கள் யார்?

பணம்

டாஸ்மாக் விற்பனையிலிருந்து 2023-24இல் மாநிலத்துக்கு வந்த வரி சுமார் 45,800 கோடி ரூபாய். அது கோட்டைக்குப் போகிறது. மாநகராட்சி சொத்து வரியையும் தொழில் வரியையும் நம்பி நடக்கிறது. குடியால் வரும் விபத்தும் காசநோயும் வீட்டு வன்முறையும் வந்து நிற்பதோ மாநகராட்சி வார்டில். அரசமைப்புச் சட்டத்தின் பன்னிரண்டாவது அட்டவணை பொது சுகாதாரத்தை நகராட்சிகளின் பணியாகச் சொல்கிறது, ஆனால் அந்தப் பணிக்கான காசு கூடவே வரவில்லை. நூறு ரூபாய் மது வரிக்குப் பத்துப் பைசா என்று உள்ளாட்சிகளின் சிகிச்சைப் பணிக்கு மாநிலம் ஒதுக்கினாலே ஆண்டுக்குச் சுமார் 45 கோடி. சென்னைக்கு அதில் ஒரு பங்கு வந்தாலும் மாலை நேரக் கவுன்சலர்களுக்குச் சம்பளம் கொடுக்கலாம்.

என்னைக் கேட்டால் பத்து ரூபாயில் ஏழு ரூபாய் இந்த ஆட்களுக்கும் மருந்துக்கும். இரண்டு ரூபாய் நான் மேலே சொன்ன படுக்கைகளை வாங்க. மீதி ஒரு ரூபாய், நோயாளியோடு மருத்துவமனையில் தங்கும் குடும்பத்தாருக்குத் தினப்படியாக. கடைசி இனத்தைக் கேட்டால் அதிகாரிகள் யோசிப்பார்கள். ஆனால் கூலி போகும் என்ற பயத்தால்தான் பல பெண்கள் கணவரை இரண்டாம் நாளே வார்டிலிருந்து கூட்டிப்போகிறார்கள், அதாவது ஆபத்து உச்சத்தில் இருக்கும்போது.

வலி மாத்திரையைத் தண்ணீரில் கரைத்து ஊசி போட்டுக்கொள்ளும் பையன்களின் கதை வேறு. அவர்களுக்கு வேறு மருந்து, வேறு அணுகுமுறை வேண்டும், போலீஸ் பயத்தால் அவர்கள் எந்த மையத்துக்கும் எளிதில் வருவதில்லை. இருந்தாலும் முதல் பேச்சைத் தொடங்க ஓர் ஆள் மாலையில் உட்கார்ந்திருக்க வேண்டும் என்பது அவர்களுக்கும் பொருந்தும்.

உங்கள் வார்டில் அந்தப் பகுதி மக்களின் கூட்டமான பகுதி சபை கூடும்போது இரண்டு விஷயம் கேளுங்கள். நம் மையத்தில் தயமினும் டைசல்ஃபிரமும் இருப்பில் இருக்கின்றனவா? கீழ்ப்பாக்கத்திலிருந்தோ வேறு அரசு மருத்துவமனையிலிருந்தோ டிஸ்சார்ஜ் ஆகி வருபவரின் பெயர், அவர் சம்மதத்தோடு, இங்கே யாரிடமாவது வந்து சேர்கிறதா? பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். அடுத்த பட்ஜெட்டுக்கு முன்னால் மாமன்ற உறுப்பினரான வார்டு கவுன்சிலர் கையில் கொடுக்க அந்தப் பக்கம் தேவைப்படும்.