பாத்த பக்கத்த மறுபடி எடுக்க புக்மார்க்கா, டேபா, ஹிஸ்டரியா: ரொம்ப நாள் குரோம் யூஸ் பண்ணி பாத்ததுல

வீடு சேலம், காப்பித் தோட்டம் ஏற்காட்டுல. போன்ல பாக்கறது சுத்திச் சுத்தி அதே நாலஞ்சு பக்கம்தாங்க, காப்பி விலை, மிளகு விலை, மழை, பேங்க். இதுக்கெல்லாம் புக்மார்க்கே வேணாம், மேல ரெண்டு எழுத்து தட்டுனா மீதிய குரோமே போட்டுக்கும். 1997லயே கனடாவுல கால்கரி யுனிவர்சிட்டில டாஷர், கிரீன்பெர்க்னு ரெண்டு பேரு ஆராய்ச்சி பண்ணி, ஜனங்க திறக்கறதுல 58 சதவீதம் ஏற்கனவே பாத்த பக்கம்தான்னு சொல்லிட்டாங்க.

சிக்கலே எப்பவாச்சும் தேவைப்படற பக்கத்துலதான். காப்பிச் செடித் தண்டத் துளைக்கற வெள்ளைத் தண்டுத் துளைப்பான் பூச்சி ஏப்ரல், மே மாசம் ஒரு ரவுண்டு வரும், அப்புறம் அக்டோபருக்கு மேல இன்னொரு ரவுண்டு, தண்டுல சுண்ணாம்பு அடிக்கற அளவு போட்ட பக்கத்த மறுபடி தேடுனா ஹிஸ்டரில இருக்காது, ஏன்னா குரோம் 90 நாளைக்கு முந்தினத அழிச்சிடும். பயர்பாக்ஸ்ல அப்படி நாள் கணக்கு கிடையாது, இந்த ஒரு விஷயத்துக்கே கம்ப்யூட்டர்ல அதத்தான் வெச்சிருக்கேன். பயர்பாக்ஸ் அட்ரஸ் பார்ல ஸ்டார் குறி (*) டைப் பண்ணி ஒரு ஸ்பேஸ் விட்டா புக்மார்க்க மட்டும் தேடும், இது நிறைய பேருக்குத் தெரியல.

புக்மார்க் போடறப்ப அவங்க வெச்ச தலைப்ப அப்படியே விட்டுடாதீங்க, "தண்டு பூச்சி சுண்ணாம்பு"ன்னு நம்ம வாய்ல வர்ற மாதிரி மாத்தி வைங்க, அந்தப் பேர அடிச்சாலே மேல வந்து நிக்கும். போல்டர் போல்டரா பிரிக்கறதெல்லாம் வெட்டி வேலை, என்னைக் கேட்டா.

எங்க மேஸ்திரி அண்ணன் ஸ்டைலே வேற, எதையும் மூடவே மாட்டாரு. டேப் நூறத் தாண்டி நம்பருக்குப் பதிலா சிரிக்கற மூஞ்சி வந்துடுச்சு, "மூடாதீங்க சார், அப்புறம் கெடைக்காது"ங்கறாரு. ஆனா போன்ல மெமரி பத்தலைன்னா பழைய டேப் திரும்ப லோடாகும், ஏற்காடு ஏறற 20 கொண்டை ஊசி வளைவுல எங்கயாச்சும் சிக்னல் போச்சுன்னா வெறும் வெள்ளைதான். அடிவாரத்துலயே மூணு புள்ளிய தட்டி டவுன்லோட் அம்புக்குறிய அமுக்கிட்டா மேல நெட் இல்லாமலே திறக்கும், விலைப் பக்கத்துக்கு மட்டும் இது ஆகாது, காலைல இருந்த ரேட்டுதான் சாயங்காலமும் நிக்கும்.

சைட்டே பக்கத்த தூக்கிட்டா புக்மார்க்கும் செத்துடும். அப்ப அந்த அட்ரஸ காப்பி பண்ணி பழைய வெப் பக்கங்கள சேத்து வைக்கற வேபேக் மெஷின்ங்கற சைட்ல போட்டுப் பாருங்க, 2001லேர்ந்து எல்லாருக்கும் ஓசிதான். லாகின் போட்டு பாக்கற பக்கம்னா அங்கயும் தேறாது, பிடிஎப்பா சேவ் பண்ணி வெச்சாத்தான் உண்டு.