விடுப்பு முடிவதற்குள் இதயத் தசைப் பரிசோதனை

விடுப்பில் ஊருக்குப் போன இடத்தில் இந்தப் பொறுப்பு பலர் தலையில் விழுகிறது. மாரடைப்புக்குப் பிறகு அப்பாவின் பம்பிங் (ஒரு துடிப்பில் இதயம் வெளியேற்றும் ரத்தத்தின் பங்கு) 30 சதவீதம், இதயத்தின் மூன்று ரத்தக் குழாயிலும் அடைப்பு. பைபாஸுக்கு முன் "வயபிலிட்டி பார்த்துவிட்டு வாங்க" என்று மருத்துவர் எழுதித் தருகிறார். இதயத் தசையில் உயிர் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் அது.

அசையாத தசையெல்லாம் செத்த தசை அல்ல. ரத்தம் குறைந்ததால் வேலையைக் குறைத்துக்கொண்டு உறங்கும் தசையும் உண்டு. ரத்தம் திரும்பினால் அது விழிக்கலாம். செத்துத் தழும்பான தசை விழிக்காது. சாதாரண எக்கோவில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

இதைப் பிரித்தறிய மூன்று வழிகள்: எம்ஆர்ஐ, பெட் ஸ்கேன், டோபுடமின் எக்கோ. எம்ஆர்ஐயில் காடோலினியம் என்ற, படத்தில் வேறுபாட்டைக் காட்டும் மருந்தை ஊசியாகப் போட்டு, 10 முதல் 15 நிமிடம் கழித்துப் படம் எடுக்கிறார்கள். தழும்பு வெள்ளையாகவும் நல்ல தசை கறுப்பாகவும் வரும். 2000இல் வெளியான 50 நோயாளிகளின் ஆய்வில், அசைவு குறைந்தும் வெள்ளையே இல்லாத பகுதிகளில் 78 சதவீதம் சிகிச்சைக்குப் பின் தேறின. சுவர்க் கனத்தில் முக்கால் பங்குக்கு மேல் வெளுத்திருந்த 58 பகுதிகளில் தேறியது ஒன்றே ஒன்று. அதனால் "வயபிலிட்டி உள்ளது" என்று ஒற்றை வரியில் ரிப்போர்ட் தந்தால் வாங்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள். இதயச் சுவரை 17 பகுதிகளாகப் பிரித்துப் பார்ப்பார்கள்; அவற்றில் எதெதில் எத்தனை சதவீதம் தழும்பு என்று எழுதச் சொல்லுங்கள். அறுவை மருத்துவருக்கு உதவுவது அந்த விவரம்தான்.

படம் கெடுவது பெரும்பாலும் மூச்சாலும் துடிப்பாலும். ஒவ்வொரு படத்துக்கும் பத்துப் பதினைந்து விநாடி மூச்சடக்க வேண்டும். வீட்டிலேயே பழக்கிவிடுவது நல்லது. மல்லாந்து படுத்தால் மூச்சுத் திணறுகிறவருக்கு முதலில் நுரையீரல் நீரைக் குறைக்க வேண்டும், அதற்கே சில நாள் ஆகும். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனை முடிவைக் கையோடு வைத்திருங்கள். அதிலிருந்து கணக்கிடும் ஈஜிஎஃப்ஆர் (சிறுநீரகம் வடிகட்டும் வேகம்) 30க்குக் கீழே இருந்தாலோ பேஸ்மேக்கர் இருந்தாலோ நாள் குறிக்கும்போதே சொல்லிவிடுங்கள்.

பெட் ஸ்கேனில் கதிரியக்கம் சேர்த்த சர்க்கரை மருந்தை ஊசியில் செலுத்தி, எந்தத் தசை அதை இழுக்கிறது என்று பார்க்கிறார்கள். இதில் அதிகம் தடுமாறுவது சர்க்கரை நோயாளிகள். புற்றுநோய்க்கு எடுப்பதுபோல வெறும் வயிற்றில் போனால் போதும் என்று நினைத்துவிடுகிறார்கள். பட்டினியில் இதயம் கொழுப்பை எரிக்கும், சர்க்கரையைத் தொடாது. உயிருள்ள தசையும் செத்ததுபோலத் தெரியும். குளுக்கோஸ் கொடுத்து, தேவைக்கேற்ப இன்சுலின் போட்டு, ரத்தச் சர்க்கரையைப் பார்த்துப் பார்த்துத்தான் மருந்தைச் செலுத்த வேண்டும். அந்த மருந்தின் அரை ஆயுள் 110 நிமிடம், அதாவது அதற்குள் அதன் கதிரியக்கம் பாதியாகிவிடும், ஆகவே தாமதமாகப் போகவே கூடாது. ரத்த ஓட்டப் படமும் சேர்த்து எடுக்கிறார்களா என்று கேளுங்கள். ஓட்டம் குறைந்தும் சர்க்கரையை இழுக்கும் இடமே உறங்கும் தசை.

டோபுடமின் எக்கோவில், இதயத்தைத் தூண்டும் டோபுடமின் மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி எக்கோ பார்க்கிறார்கள். குறைந்த அளவில் அசைவு கூடி, அளவு ஏறும்போது மீண்டும் குறைந்தால் அது மிக நல்ல அறிகுறி. இதயத் துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரையை இதற்காக நிறுத்தலாமா என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். நாமாக நிறுத்துவது ஆபத்து.

இந்தப் பரிசோதனை மட்டுமே முடிவைத் தீர்மானிப்பதில்லை. 2022இல் வெளிவந்த ஆய்வில் பம்பிங் 35 சதவீதமோ அதற்குக் கீழோ இருந்த, தசையில் உயிர் இருப்பதும் உறுதியான 700 பேர் இருந்தார்கள். மருந்தோடு ஸ்டென்ட்டும் வைத்தது மரணத்தையோ இதயச் செயலிழப்பால் மருத்துவமனையில் சேர்வதையோ குறைக்கவில்லை. இதை மருத்துவரிடம் தயங்காமல் பேசலாம். பைபாஸா, ஸ்டென்ட்டா, மருந்து மட்டுமா என்பது வயது, சிறுநீரகம், அடைப்பின் அமைப்பு எல்லாவற்றையும் பொறுத்தது.

உறங்கிய தசை தேற மூன்று முதல் ஆறு மாதம் ஆகும், சிலருக்கு இன்னும் அதிகம். விமானம் ஏறும் வாரத்தில் எக்கோ எடுத்து, பம்பிங் ஏறவில்லையே என்று மனம் உடைய வேண்டாம். ரிப்போர்ட்டோடு டைகாம் படங்கள் (ஸ்கேனின் மூலப் படக் கோப்புகள்) உள்ள சிடியையும் கேட்டு வாங்கி வையுங்கள். ஆறு மாதம் கழித்து எடுப்பதை இதோடு பகுதி பகுதியாக ஒப்பிடலாம்.